சாக்ஸ்டன் ஏன் சுடவில்லை?

1972-ல் வந்த ‘ஹாரர் எக்ஸ்பிரஸ்’ படம் ஒரு அறிக்கையோடு தொடங்குகிறது. வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவுக்குப் போன ஆய்வுக் குழுவின் தலைவர் பேராசிரியர் அலெக்சாண்டர் சாக்ஸ்டன் தன்னை அனுப்பிய சங்கத்துக்கு எழுதுகிறார்: பயணம் பேரழிவில் முடிந்தது, தலைவன் என்ற முறையில் அதற்கு நான் பொறுப்பேற்றுக்கொள்கிறேன், ஆனால் பழி யாரைச் சேரும் என்பதை மதிப்புக்குரிய உறுப்பினர்களே முடிவு செய்யட்டும். சாக்ஸ்டனாக நடித்த கிறிஸ்டோபர் லீயின் கனத்த குரல். பேய்ப்படம் பார்க்க உட்கார்ந்தவன் காதில் இது விழவே விழாது. எனக்கு மட்டும் இது எங்கோ கேட்ட வாக்கியமாக இருந்தது. அரசு அலுவலகக் கோப்புகளைப் புரட்டியவர்களுக்குத் தெரியும், பொறுப்பை ஒரு கையால் வாங்கிக்கொண்டு பழியை இன்னொரு கையால் மேசையின் மறுபக்கம் தள்ளிவிடும் நடை அது. சரி, இவ்வளவு பேர் செத்த பிறகு ஒரு மனிதன் இப்படி எழுதுகிறான் என்றால் பழி யாருடையது? இந்தக் கேள்வி எனக்குள் ரொம்ப நாளாகவே அடங்காமல் கிடக்கிறது.

படம் பார்க்காதவர்களுக்குக் கதையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 1906. சீனாவில் ஒரு குகைக்குள் பனியில் உறைந்து கிடந்த, மனிதனுக்கும் குரங்குக்கும் நடுவிலான ஓர் உடலை சாக்ஸ்டன் கண்டெடுக்கிறார். வயது 20 லட்சம் ஆண்டு. பெட்டியில் அடைத்து, சங்கிலி சுற்றி, ஐரோப்பாவுக்குப் போகும் டிரான்ஸ் சைபீரியன் ரயிலில் ஏற்றுகிறார். உள்ளே இருப்பது சாகவில்லை. இருட்டில் அதன் சிவந்த கண்ணைப் பார்த்தவர்களுக்குக் கண் வெளுத்து ரத்தம் வழிகிறது. அவர்கள் வாழ்நாளில் கற்றதெல்லாம் அதற்குப் போய்விடுகிறது. அது குடியிருக்கும் உடலைச் சுட்டால் இன்னொரு உடலுக்குப் போய்விடும். கூடு விட்டுக் கூடு பாய்வது நமக்குப் புதிதில்லை. மேய்ப்பன் செத்ததால் கதறிய மாடுகளைப் பார்க்கப் பொறுக்காமல் திருமூலர் மூலன் உடலுக்குள் போன கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்தப் பிராணியிடம் அந்த இரக்கம் கிடையாது. அது ஆள் பார்த்துத்தான் பாய்கிறது. பூட்டுத் திறக்கத் தெரிந்த திருடன், ரகசியம் திருடத் தெரிந்த உளவுக்காரி, துப்புத் துலக்கத் தெரிந்த போலீஸ் அதிகாரி என்று வித்தை தெரிந்தவர்களாகத் தேடுகிறது.

நண்பர்களிடம் இந்தப் படத்தைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டிய இடங்கள் உண்டுதான். செத்தவனின் மண்டையை அறுத்துப் பார்த்த டாக்டர், மூளையில் மடிப்பே இல்லை, அதனால் நினைவெல்லாம் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்கிறார். முதல் வருட மருத்துவ மாணவன்கூட எழுந்து போய்விடுவான். பொம்மை ரயில் பொம்மை ரயிலாகவே தெரிகிறது. அமெரிக்காவில் பதிப்புரிமை இல்லாமல் போன படம் என்பதால் வெளுத்துப்போன பிரதிகள் பல ஆண்டுகளாக மலிவு டிவிடிகளிலும் இணையத்திலும் சுற்றிக்கொண்டிருந்தன. இரவுக் காட்சிகளில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் தவிர ஒன்றும் தெரியாது. நான் முதலில் பார்த்ததும் அந்த மாதிரி ஒன்றைத்தான். பிறகு சீர்செய்த பிரதி கிடைத்தது. அதில்தான் கம்பளங்களின் நிறமும் பனி படிந்த சன்னல்களும் லீயின் முகத்தில் ஓடும் நுட்பமான அசைவுகளும் தெரிந்தன. அந்த முகத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

பழைய கோதிக் கதைகளுக்கு ஒரு கோட்டை வேண்டும். பாழடைந்த மாடம், ஒரு பிரபு, அழகான பிரபுவின் மனைவி, கண்கள் உருளும் துறவி, பூட்டிய அறையில் ஏதோ ஒன்று. இதில் எல்லாமே இருக்கிறது, கோட்டைக்கு மட்டும் சக்கரம் வைத்துவிட்டார்கள். போலந்துப் பிரபு, அவர் மனைவி இரினா, ரஸ்புடின் சாயலில் தாடி வளர்த்த துறவி புஜார்டோவ், எல்லோரும் ஒரே வண்டியில். கோட்டை என்றால் குதிரை ஏறித் தப்பிவிடலாம். சைபீரியப் பனியில் நள்ளிரவில் ஓடும் வண்டியிலிருந்து எங்கே குதிப்பது? அந்தப் பிராணிக்கும் அதே கதிதான். பூமியில் விட்டுவிட்டுப் போகப்பட்ட வேற்றுலக ஜீவன் அது. வீட்டுக்குப் போக வழி தேடுகிறது. பிரபுவுக்குத் தெரிந்த புதுவகை எஃகின் சூத்திரம் கிடைத்தால் கப்பல் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்பது அதன் கணக்கு.

படம் பிடித்தது மாட்ரிடில். இயக்குநர் யூஜீனியோ மார்ட்டின். கையில் இருந்தது ஒரே ஒரு ரயில் பெட்டியின் உள்ளரங்கம். ஒரு பெட்டியில் நடக்கும் காட்சிகளை எல்லாம் மொத்தமாக எடுத்து முடித்துவிட்டு, திரைச்சீலை, நாற்காலி எல்லாவற்றையும் மாற்றி அதையே அடுத்த பெட்டியாக்கி, அந்தக் காட்சிகளை எடுத்திருக்கிறார்கள். ரயில் மாதிரி, அதே குழு அப்போது எடுத்த பான்ச்சோ வில்லா படத்துக்குச் செய்தது என்று தயாரிப்பாளர் பெர்னார்ட் கார்டன் சொல்லியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ஒரு விசித்திரம் புலப்படும். சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஓடுகிறவன் சாமான் பெட்டிக்குப் போகிறான். அங்கேயும் அதே நீளம், அதே அகலம். எவ்வளவு ஓடினாலும் இருந்த இடத்திலேயே இருக்கிற கெட்ட கனவு போல. பணமில்லாததால் வந்த விளைவுதான். ஆனாலும் படத்துக்கு இது நன்றாகவே பொருந்திவிட்டது. ஓடாத பெட்டியில் உட்கார வைத்து சைபீரியாவைக் காட்டும் வித்தை அதற்கு முன்பே நடந்ததுதான். 1900 பாரிஸ் கண்காட்சியில் வாகோன் லீ என்ற ரயில் பெட்டிக் கம்பெனி நிஜமான சொகுசுப் பெட்டிகளை நிறுத்திவைத்து, சன்னலுக்கு வெளியே மணலும் பாறையும் ஒட்டிய பட்டையை வேகமாகவும், அதற்குப் பின்னால் புதர்களை மெதுவாகவும், தூரத்து மலைகளையும் ஊர்களையும் இன்னும் மெதுவாகவும் ஓடவிட்டு, மாஸ்கோவிலிருந்து பீக்கிங் வரை பார்வையாளர்களைக் கூட்டிப்போனது. நாலு அடுக்குத் திரை. மார்ட்டினிடம் அந்த வசதிகூட இல்லை.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது டாக்டர் வெல்ஸாக நடித்த பீட்டர் குஷிங் பற்றி. 1971 ஜனவரியில் அவர் மனைவி ஹெலன் இறந்துபோனார். அந்த வருடக் கடைசியில் மாட்ரிடுக்கு வந்து இறங்கியவர், என்னால் முடியாது, ஊருக்குத் திரும்புகிறேன் என்று சொல்லிவிட்டார். லீ ஆறுதல் எதுவும் சொல்லப் போகவில்லை. பழைய படப்பிடிப்புக் கதைகளைப் பேசிக்கொண்டே இருந்தாராம், ஒன்றுமே நடக்காதது போல. குஷிங் தங்கிவிட்டார். பல படங்களில் ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டிருந்த இருவரும் இதில் ஒரே கட்சி. சாக்ஸ்டனும் வெல்ஸும் போட்டியாளர்களாக ஆரம்பித்து, பிணங்கள் விழ விழ நெருங்கிவருகிறார்கள். அந்த நெருக்கத்தில் நடிப்பு எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்ப்பதில்லை.

முயலின் கண்

படத்தில் என்னை முதலில் பிடித்து உட்காரவைத்தது கண் காட்சி. சுடப்பட்ட பிராணியின் கண்ணிலிருந்து திரவம் எடுத்து நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். கடைசியாக அது பார்த்த போலீஸ் அதிகாரியின் உருவம் தெரிகிறது. அடுத்து டைனோசர். அதற்கும் பின்னால், வானத்திலிருந்து பார்த்த பூமி. அபத்தம்தான், ஆனால் ஒரு சின்ன கண்ணாடித் தகட்டில் கோடிக்கணக்கான ஆண்டுகளைக் காட்டிவிட்ட தைரியத்துக்குக் கைதட்டத் தோன்றுகிறது.

இது எழுத்தாளர்களின் சொந்தக் கற்பனை மட்டும் இல்லை. 1876-ல் ஃபிரான்ஸ் போல் என்ற விஞ்ஞானி, விழித்திரையில் இருக்கும் ஊதா கலந்த சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடுகிறது என்று கண்டுபிடித்தார். ஹைடல்பெர்கில் இருந்த வில்ஹெல்ம் க்யூனே உடனே இதைப் பிடித்துக்கொண்டார். சாயம் வெளுக்கிறது என்றால் புகைப்படத் தகட்டில் பதிவது மாதிரி கண்ணிலும் படம் பதியுமே? ஒரு வெள்ளை முயலை எடுத்துக்கொண்டார். அதன் தலை அசையாதபடி கம்பி போட்ட சன்னலைப் பார்த்து நிறுத்தினார். சில நிமிடம் தலையைத் துணியால் மூடிவைத்தார், சாயம் ஊறிச் சேரட்டும் என்று. துணியை விலக்கி, மூன்று நிமிடம் சன்னலைப் பார்க்கவிட்டார். உடனே தலையை வெட்டி, கண்ணைத் திறந்து, விழித்திரையைப் படிகாரக் கரைசலில் போட்டார். மறுநாள் பார்த்தால் அதில் சன்னல் இருந்தது. கம்பிகளோடு. முயல் கடைசியாகப் பார்த்த உலகம் அது.

1880-ல் மரண தண்டனை பெற்ற ஒரு மனிதனின் கண்ணிலும் செய்து பார்த்தார். ஏதோ ஓர் உருவம் தெரிந்தது, எதனுடையது என்று சொல்ல முடியவில்லை. ஆனால் பேச்சு அதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது: கொலையானவன் கண்ணில் கொலைகாரன் படம் இருக்கும். 1888-ல் லண்டன் ஒயிட்சாப்பல் கொலைகளின்போதுகூட இறந்தவளின் கண்ணைப் படம் எடுத்துப் பார்க்கலாமே என்ற யோசனை வந்தது. ஆக, 1906-ல் ரயிலேறிய இரண்டு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் பிணத்தின் கண்ணை நோண்டியதில் அவர்கள் காலத்துக்குப் பொருந்தாதது ஒன்றுமில்லை. எனக்கு உறுத்துவது வேறு. க்யூனேயும் முயலும் இருந்த அந்த அறையில், உயிரோடு இருக்கும் ஒன்றின் தலைக்குள்ளிருந்து அது பார்த்ததை உருவி எடுத்தது யார்? படத்தில் பிராணி செய்வதும் அதேதான், ஆய்வுக்கூடம் இல்லாமல் செய்கிறது. சாக்ஸ்டன் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கும்போது அவர் கண்ணில் பயம் கொஞ்சமாகவும் ஆசை நிறையவும் இருக்கிறது.

இந்த ஆசாமி ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். ரயில் நிலையத்திலேயே பெட்டியருகே ஒரு திருடன் கண் வெளுத்துச் செத்துக் கிடக்கிறான். துறவி சாக்குக்கட்டியால் தரையில் சிலுவை போடுகிறார், விழுகிறது. பெட்டிமேல் போடுகிறார், கோடே விழவில்லை. செப்படி வித்தை என்று சாக்ஸ்டன் ஒதுக்கிவிடுகிறார். போலீஸ் கேட்டால் பெட்டியைத் திறந்து காட்ட மாட்டேன் என்று அடம். பரிணாமம் என்பது ஒழுக்கக்கேடு என்கிறாள் இரினா. அது உண்மை, உண்மைக்கு ஒழுக்கம் கிடையாது என்று பதில் வருகிறது. கேட்கும்போது நமக்கும் தலையாட்டத் தோன்றுகிறது. வெல்ஸ் மட்டும் யோக்கியமா? பெட்டிக்குள் என்ன என்று எட்டிப் பார்க்கச் சொல்லி சாமான் பெட்டி ஊழியனுக்குக் காசு கொடுக்கிறார். அந்த ஏழைதான் வண்டியில் முதல் பலி. அவன் சாவுக்கு யாரும் பழி ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

விசாரிக்க வந்தவர்

படத்தில் ஊர் உலகத்துக்கே தெரிந்த வசனம் ஒன்று. பிராணி யார் உடலுக்குள் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று தெரிந்த பிறகு, இருவர் இருவராகச் சேர்ந்து நடமாடுங்கள் என்கிறார்கள். இன்ஸ்பெக்டர் மிரோவ் கேட்கிறார், உங்கள் இருவரில் ஒருவரே அந்த அரக்கனாக இருந்தால்? குஷிங் துளியும் யோசிக்காமல் சொல்கிறார்: “அரக்கனா? நாங்கள் பிரிட்டிஷ்காரர்கள்!” எல்லோரும் சிரிக்கும் இடம். நானும் சிரித்தேன். இரண்டு நூற்றாண்டு அந்த நம்பிக்கையின் கீழ் இருந்தவர்களுக்கு இந்தச் சிரிப்பு கொஞ்சம் கூடுதலாகவே வரும். ஆனால் சிரிப்பில் ஒன்றைத் தவறவிடுகிறோம். அந்தக் கேள்வியைக் கேட்கும் மிரோவின் உடலுக்குள் அப்போது இருப்பது பிராணி. விசாரணை அதிகாரிதான் குற்றவாளி. எல்லோரையும் சந்தேகப்படுங்கள் என்று சொல்லிக்கொண்டு நடுவில் நிற்கிறது அது.

இதை எழுதியவர்கள் யார் என்று பார்த்தால் ஒரு கதவு திறக்கிறது. ஆர்னோ தூசோ, ஜூலியன் ஹேலவி என்று பெயர் வருகிறது. ஹேலவி என்பது ஜூலியன் சிமெட்டின் புனைபெயர். தயாரிப்பாளர் கார்டன் உட்பட மூவருமே ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் சிக்கி ஐரோப்பாவுக்கு வந்தவர்கள். 1950-களில் அமெரிக்கக் கமிட்டிகள் கூப்பிட்டு, நீ கம்யூனிஸ்டா, உன் நண்பர்களில் யார் யார் கம்யூனிஸ்ட், பெயரைச் சொல் என்று கேட்டன. சொல்லாதவனுக்கு வேலை கிடையாது. சொன்னவன் பிழைத்தான். கார்டன் வேறு பெயரில் எழுதித்தான் வயிற்றைக் கழுவினார். பக்கத்தில் இருப்பவன் முகம் அதே முகம்தான், உள்ளே இருப்பது வேறா என்ற பயத்தை இவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இவர்களைத்தானே அப்படிப் பார்த்தார்கள்! ஜான் கேம்ப்பெல் 1938-ல் எழுதிய அண்டார்டிகா குறுநாவலின் சாயல் கதையில் இருப்பது உண்மை. ஆனால் கேம்ப்பெலின் கேள்வி நம்மில் யார் அது என்பது. இவர்கள் அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார்கள்: இந்தக் கேள்வியைக் கேட்பவன் யார்?

வழியில் ஒரு நிலையத்தில் கொசாக் என்ற ரஷ்யக் குதிரைப்படை வீரர்களோடு ஓர் அதிகாரி ஏறுகிறார், நடித்தவர் டெலி சவாலஸ். சாட்டை, வோட்கா, மொட்டைத் தலை. ஏறியதும் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தி மிரட்டுகிறார். துறவியை அடிக்கிறார். அவர் நிரபராதியாக இருந்தால் என்று கேட்டால், நம்மிடம் நிரபராதித் துறவிகள் ஏராளம் என்கிறார். இந்த அதிகாரியின் பெயர் கேப்டன் கசான். 1952-ல் கமிட்டியின் முன் போய்த் தன் பழைய தோழர்களின் பெயர்களைச் சொன்ன பெரிய இயக்குநரின் பெயரும் எலியா கசான். ரஷ்யாவில் அந்தப் பெயரில் ஒரு நகரம் இருக்கிறது, தற்செயலாக இருக்கலாம் என்று சொல்கிறவர்களோடு நான் சண்டை போட மாட்டேன். ஆனால் 1999-ல் எலியா கசானுக்குக் கௌரவ ஆஸ்கர் கொடுத்தபோது எதிர்ப்புப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர் இதே பெர்னார்ட் கார்டன். இருபத்தேழு வருடம் முன்பு தன் படத்தில் அந்தப் பெயருக்குச் சாட்டையைக் கொடுத்தது கை தவறியா? எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அந்தச் சில நொடிகள்

இனி நான் சொல்ல வந்த இடம். கசான் செத்தாயிற்று, வீரர்கள் செத்தாயிற்று. பிராணி இப்போது துறவியின் உடலில். இந்தத் துறவி முன்பே அதன் காலில் விழுந்து, என்னை எடுத்துக்கொள் என்று கெஞ்சியவர். உன் தலையில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை என்று அது தள்ளிவிட்டது. வேறு வழியில்லாமல் போனதும்தான் அவருக்குள் போயிருக்கிறது. சாக்ஸ்டன் துப்பாக்கியோடு எதிரே நிற்கிறார். விசையை இழுத்தால் முடிந்தது. அது பேச ஆரம்பிக்கிறது. வேறெங்கோ இருந்து வந்தேன், என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், ஓரணு உயிராக இருந்தேன், மீனாக இருந்தேன், விலங்குக்குள் இருந்தேன். உங்கள் பூமியின் வரலாறு முழுக்க என்னிடம் இருக்கிறது. என்னை விட்டுவிடு. நோயை ஒழிக்க, வலியை ஒழிக்க, பசியை ஒழிக்கக் கற்றுத் தருகிறேன்.

சாக்ஸ்டன் சுடவில்லை. லீ இங்கே ஒன்றும் செய்வதில்லை, அதுதான் அழகு. உதடு இறுகவில்லை, புருவம் நெளியவில்லை. கேட்டுக்கொண்டு நிற்கிறார், அவ்வளவுதான். ஒரு நல்ல மாணவன் வகுப்பில் நிற்பது போல. எதிரே இருப்பது எத்தனை பேரைக் கொன்றது என்று அவருக்குத் தெரியும். இருந்தும் காது கொடுக்கிறார். அந்த இடைவெளியில் பிராணி தன் வேலையைப் பார்த்துக்கொள்கிறது. செத்த கொசாக்குகள் வெள்ளைக் கண்ணோடு எழுந்து நடக்க ஆரம்பிக்கிறார்கள்.

துறவி தன்னையே கொடுத்தார், அதற்கு அவர் வேண்டாம். பிரபுவிடம் எஃகுச் சூத்திரம், அது மட்டும் போதும். சாக்ஸ்டனிடம்தான் அது பேரம் பேசுகிறது. ஆளை அளந்துவிட்டது என்பதுதான் காரணம். பொன்னோ பெண்ணோ ஆயுளோ கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தால் சுட்டிருப்பார். தெரியாததைச் சொல்கிறேன் என்றதும் விரல் நின்றுவிட்டது. படத்தின் நாயகனும் அரக்கனும் ஒரே பசியுள்ளவர்கள் என்று அந்த நொடியில் தெரிந்துவிடுகிறது. மெனக்கெட்டு அதைக் குகையிலிருந்து தோண்டி எடுத்து, பெட்டி கட்டி, ரயிலேற்றியதும் அந்தப் பசிதானே.

பழி அவர் மேல்தான் என்று முடிவு கட்டி வைத்திருந்தேன். டாக்டராக இருக்கும் தோழி ஒருத்தி படத்தைப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள். “நான் சுட்டிருக்க மாட்டேன்” என்றாள். “நூறு பேரைக் கொன்றதையா?” “நூறு பேர்தானே. அது நோயை ஒழிக்கிறேன் என்கிறது. என் வார்டுக்கு ஒரு நாள் வந்து நின்று பார், அப்புறம் சொல்.” பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டு 1906-ஐப் பற்றி யோசித்தேன். பென்சிலின் கிடையாது. அதோடு, அந்த ரயில் பாதைக்கே ஒரு பயங்கரம் காத்திருந்தது. நாலே வருடத்தில், 1910 குளிர்காலத்தில், மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் வந்தது. ஹார்பின் நகரை மையமாக வைத்து, ஊருக்குத் திரும்பும் தொழிலாளர்களோடு ரயிலேறிப் பரவியது. ஏறத்தாழ 60,000 பேர் செத்தார்கள். வந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை என்றே சொல்லலாம். உறைந்த தரையில் குழி வெட்ட முடியாமல் பிணங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடக்க, 1911 ஜனவரியில் மொத்தமாக எரித்தார்கள். நோயை ஒழிக்கக் கற்றுத் தருகிறேன் என்ற குரல் ஒலித்த இடத்தின் கதை இது. தோழி இதையெல்லாம் நினைத்துச் சொல்லவில்லை, ஆனால் அவள் சொன்ன பிறகு அந்தச் சில நொடிகளை என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

அந்த பிளேக்கை அடக்க அனுப்பப்பட்டவர் வூ லியன் டே, பினாங்கில் பிறந்த மருத்துவர். நோய் எலியால் மட்டும் வருவதில்லை, மூச்சுக்காற்றில் பரவுகிறது என்று சொன்னவர். துணியும் பஞ்சும் வைத்த முகக்கவசம் போடச் சொன்னார். நம்ப மறுத்து, போடாமல் வார்டுக்குப் போன பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் சில நாளில் இறந்துபோனார். தொற்று இருக்குமோ என்று சந்தேகப்பட்டவர்களை வைக்க இடமில்லை. வூ ரயில்வேயிடமிருந்து சரக்கு வேகன்களை வாங்கி, கணப்பு வைத்து, அதில் அவர்களைத் தங்கவைத்தார். தினமும் காய்ச்சல் பார்த்து, வராதவர்களை வெளியே விட்டார்கள். ரயில் பெட்டிக்குள் யாருக்கு வந்திருக்கிறது, யாருக்கு வரவில்லை என்று தெரியாத நிலைமைக்கு நிஜத்தில் ஒரு மனிதன் கண்ட வழி இது.

படத்தில் மாஸ்கோ கண்ட வழி வேறு. ஒரு தந்தி அடிக்கிறது. அடுத்த நிலையத்தில் இருப்பவர்கள் வண்டியைக் கிளைப் பாதையில் திருப்பிவிட வேண்டும். அந்தப் பாதை ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பில் முடிகிறது. வண்டியில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். போராக இருக்கும் என்கிறார்கள். பாதை திருப்பப்படுகிறது.

இந்தக் காட்சியை நான் வெகு நாள் கவனிக்கவே இல்லை என்றால், என் பெரியப்பா வேறு எதையுமே கவனிக்கவில்லை. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மலைப்பாதையிலும் சில வருடம் வேலை பார்த்தவர். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது டிவியில் போட்டுக் காட்டினேன். பிராணி, பிணம், சிவப்புக் கண் எதற்கும் அவர் அசையவில்லை. கடைசிப் பெட்டியைக் கழற்றிவிட்டு சாக்ஸ்டனும் வெல்ஸும் தப்பிக்கும் இடத்தில் மட்டும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

“அது எப்படிடா கழட்டுவான்? இழுப்புல போற வண்டியில கப்ளிங் விறைச்சுக்கிட்டு நிக்கும். பஃபர் அமுங்கிக் கொஞ்சம் தளர்ந்தாத்தான் கழட்ட வரும்.”

“படம்தானே பெரியப்பா.”

“படம்னா? அந்த சைடிங்கைப் பாரு. ஓடிப்போற வண்டியைப் பிடிக்க நாங்களும் கேட்ச் சைடிங் வச்சிருப்போம். அது மேட்டுல ஏறும்டா. ஏறி, வேகம் செத்து, தானா நிக்கும். இவன் பள்ளத்துல கொண்டுபோய் முடிச்சிருக்கான்.”

பழி யார் மேல் என்று அவரிடம் கேட்டேன். பேராசிரியர் மேலா, டாக்டர் மேலா, போலீஸ் மேலா? கேள்வியே புரியாதவர் மாதிரி பார்த்தார். பாயின்ட்டைப் போட்டவன், அதாவது பாதையைத் திருப்பிவிட்டவன், இருக்கிறானே என்றார்.

“அவனுக்குத் தந்தி வந்திருக்கு பெரியப்பா. மாஸ்கோ உத்தரவு.”

“தந்தி ஆயிரம் வரும். உள்ள ஆளிருக்குன்னு தெரிஞ்சு பாயின்ட் போட்டா அது உன் கை. வண்டி என் ஸ்டேஷனுக்கு வர வரைக்கும் அதுல இருக்கிற எல்லாரும் என் பொறுப்பு. உள்ள பேயே இருந்தாலும் சரி.”

அதிகாரிகளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத மனிதர் அவர். மேலிடத்துக் கடிதத்தை நின்றுகொண்டே படிப்பார் என்று பெரியம்மா கேலி செய்வார். அதனால் நான் விடவில்லை. சரி, நீங்கள் அந்த ஸ்டேஷனில் இருக்கிறீர்கள், தந்தி வந்துவிட்டது, வண்டி வந்துகொண்டிருக்கிறது, என்ன செய்வீர்கள்? காரணம் கேட்டு முதலில் திருப்பித் தந்தி அடிப்பேன் என்றார். அதே உத்தரவு மறுபடியும் வந்தால்? இந்த முறை கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். பெரியம்மா காபியோடு வந்து நின்றார், வாங்கி ஆற்றிக்கொண்டார்.

“ஹோம் சிக்னலை இறக்க மாட்டேன். வண்டி வெளியிலேயே நிக்கட்டும். விடிஞ்சதும் வெளிச்சத்துல போய்ப் பார்த்துக்கலாம் உள்ள யாரு எதுன்னு.”

“மாஸ்கோ கேட்டா?”

“சிக்னல் கம்பி அறுந்துபோச்சு, ஆளை அனுப்புங்கன்னு எழுதுவேன். அந்தப் பனியில ஆள் வந்து சேர நாலு நாள் ஆகும்ல?”